கடைகள் நிறைந்த வளாகத்தில் மரக் கவாத்து: எந்த மாதம், எந்த நேரம்?

வடபழனிப் பக்கம் 22 கடைகள் உள்ள மூன்று மாடி வணிக வளாகம் ஒன்றைப் பராமரிக்கும் அன்பர் கேட்டிருக்கிறார். வளாகத்துக்குள் 14 மரங்கள்: மூன்று தூங்குமூஞ்சி, ஐந்து பெருங்கொன்றை, நான்கு புங்கை, இரண்டு வேம்பு. மழைக்காலத்துக்கு முன் கவாத்து, அதாவது கிளை கழிக்கும் வேலை, முடிய வேண்டும். தரைத்தளத்தில் வங்கி, டிபன் கடை, ரத்தப் பரிசோதனை நிலையம், துணிக்கடை. மேலே உடற்பயிற்சிக் கூடமும் டியூஷன் வகுப்பும். ஞாயிற்றுக்கிழமை கூடவே கூடாது என்கிறார் துணிக்கடைக்காரர். வார நாளில் வேண்டாம் என்கிறது வங்கி. இதற்கிடையில் ஓர் ஒப்பந்தக்காரர் வந்து, "இரண்டே இரவில் முடித்துத் தருகிறேன், கூலி வேண்டாம், வெட்டிய மரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்" என்கிறாராம். ஒத்துக்கொள்ளலாமா, இல்லையென்றால் எப்போது செய்வது என்பது கேள்வி. கடைசி வரியில், போகிற போக்கில், வாசலோரப் பெருங்கொன்றையின் அடியில் தட்டு மாதிரி ஒரு காளான் வந்திருப்பதாகவும் எழுதியிருக்கிறார்.

முதலில் அந்தக் காளான். இதைப் படித்தவுடன் எழுந்து போய் அந்த மரத்தடியில் வண்டி நிறுத்துவதை நிறுத்திவிடுங்கள். காரணத்தைப் பிறகு சொல்கிறேன். மற்ற 13 மரங்களுக்குத்தான் நாள் பார்க்க வேண்டும்.

நீங்கள் நேரத்தைக் கேட்கிறீர்கள். ஆனால் உங்களுக்குத் தட்டுப்பாடாக இருப்பது இடம்தான். தோட்டக்கலை படித்துவிட்டு இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். மரத்தில் ஏறி வெட்டுவது இதில் பாதி வேலைகூட இல்லை. மரத்துக்குக் கீழே உள்ள தரையை மூன்று மணி நேரத்துக்கு மனிதர்களும் வண்டிகளும் இல்லாமல் வைத்திருப்பதுதான் வேலை. அதனால் மரங்களுக்கு எண் போட்டு அட்டவணை தயாரிப்பதை விட்டுவிட்டு, வளாகத்தின் தரைப்படம் ஒன்றை வரையுங்கள். ஒவ்வொரு மரத்தின் கிளையும் எதுவரை நீண்டிருக்கிறதோ அதற்கு வெளியே இன்னும் நாலைந்து மீட்டர் சேர்த்து வட்டம் போடுங்கள். அந்த வட்டத்துக்குள் யார் யாருடைய வாசல், வண்டி நிறுத்தம், பெயர்ப்பலகை, குளிர்சாதனப் பெட்டியின் வெளிப்பகுதி வருகின்றன என்று குறியுங்கள். 14 மரங்கள் ஐந்தாறு தரைத்துண்டுகளாகச் சுருங்கிவிடும். நாள் குறிக்க வேண்டியது அந்தத் துண்டுகளுக்கு.

மாதத்தைப் பொறுத்தவரை எனக்குப் பெரிய சந்தேகம் இல்லை. வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்குகிறது. நம் ஊர்ப் புயல்கள் நவம்பர், டிசம்பரில் வருகின்றன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா கரையைக் கடந்த மறுநாள் சென்னைச் சாலைகள் கிடந்த கிடப்பைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. ஆக, அக்டோபர் தொடக்கத்துக்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். ஆனால் கடைத்தெருவுக்கு வேறொரு பஞ்சாங்கம் இருக்கிறது. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரை ஆடித் தள்ளுபடி. துணிக்கடைக்காரர் உங்களை உள்ளேயே விடமாட்டார். புரட்டாசி பிறந்தால் நவராத்திரி, அதன் பின்னாலேயே தீபாவளிக் கூட்டம். இரண்டுக்கும் நடுவே மிஞ்சுவது ஆவணி, அதாவது ஆகஸ்ட் 17 முதல் செப்டம்பர் 16 வரை. முகூர்த்த மாதம் என்பதால் பட்டுச்சேலைக்கு ஆள் வரத்தான் செய்யும். என்றாலும் அது பகல் பதினோரு மணிக்கு மேல் வருகிற கூட்டம். உங்கள் இடத்தில் பிரியாணிக் கடை இருந்திருந்தால் புரட்டாசியைச் சொல்லியிருப்பேன். அந்த மாதம் அவர்களே ஈ ஓட்டிக்கொண்டு இருப்பார்கள். உங்களுடையது டிபன் கடை, அதற்குப் புரட்டாசியும் மார்கழியும் ஒன்றுதான்.

மரத்தின் பக்கத்திலிருந்து பார்த்தாலும் ஆவணி பொருந்தி வருகிறது. வேம்பும் புங்கையும் மாசி, பங்குனியில் இலை உதிர்த்துத் துளிர்க்கின்றன. சேமித்து வைத்ததையெல்லாம் துளிருக்குச் செலவழித்து முடித்த நேரத்தில் வெட்டுவது நல்லதல்ல. கத்திரி வெயிலில் உள்கிளைகளைத் திறந்துவிட்டால், அதுவரை நிழலிலேயே இருந்த பட்டை வெந்து வெடிக்கும். கோடை தொடங்கினால் காக்கை கூடு கட்டும், அதில் குயில் முட்டையும் கிடக்கும். ஜூலைக்கு முன் வெட்டினால் குஞ்சுகள் விழுவதைப் பார்க்க நேரும். ஆவணியிலும் ஏறுவதற்கு முன் ஒருமுறை கூடு இருக்கிறதா என்று தேடத்தான் வேண்டும், அணில் கூடு உட்பட. இந்த மாதத்தின் ஒரே தொல்லை மாலை இடிமழை. ஆகஸ்ட், செப்டம்பரில் சென்னையில் மூன்று மணிக்கு மேல் வானம் கறுப்பது சாதாரணம். ஈரமான கிளையில் ஆளை ஏற்றக் கூடாது. அது காலை வேலைக்கு இன்னொரு காரணம்.

இனி இரவு வேலை. முடியவே முடியாது என்று சொல்லமாட்டேன். நெடுஞ்சாலைகளில், விமான நிலையங்களில் தக்க விளக்கும் வண்டியும் வைத்துச் செய்கிறார்கள். உங்கள் வளாகத்தில் செய்ய வேண்டாம் என்பேன். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வணிகப் பகுதியில் 55 டெசிபல், குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் வரம்பு. இயந்திர ரம்பம் அதைப் பிடித்திருப்பவரின் காதருகே 100 டெசிபலைத் தாண்டும். உங்கள் பின்சுவரை ஒட்டி அடுக்குமாடி வீடுகள் இருந்தால் பதினோரு மணிக்குக் காவல் நிலையத்திலிருந்து அழைப்பு வரும், வேலை பாதியில் நிற்கும். பாதி அறுத்த கிளையோடு விடிவதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

ஒலியைவிட ஒளிதான் எனக்குப் பெரிய பயம். பல ஆண்டுகளுக்கு முன், அனுபவம் போதாத காலத்தில், ஒரு கடைத்தெரு வளாகத்தில் நானே இரவு வேலைக்கு ஒத்துக்கொண்டேன். நான்கு ஹாலஜன் விளக்குகளைக் கீழிருந்து மேல் நோக்கி வைத்தோம். கீழே நின்றவர்களுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மேலே இருந்தவர் குனிந்தால் கண் கூசுகிறது, நிமிர்ந்தால் தன் நிழலே கிளையை மறைக்கிறது. நான்கு மணிக்கு வேலை முடிந்தது, கூட்டிப் பெருக்கினோம், போய்விட்டோம். காலை பத்தரை மணிக்குத் தொலைபேசி. அறுத்த கிளை ஒன்று கீழே விழாமல் நடுக்கவையில் சிக்கிக்கொண்டு இலை மறைவில் தொங்கியிருந்திருக்கிறது. காற்று லேசாக அசைத்ததும் நழுவி ஒரு கடையின் பெயர்ப்பலகையை வளைத்துக்கொண்டு படிக்கட்டில் விழுந்தது. அந்தப் படியில் அப்போது யாரும் நிற்கவில்லை. அவ்வளவுதான் எங்கள் திறமை. பகலாக இருந்திருந்தால் கீழே நின்று அண்ணாந்து பார்த்த யாருக்கும் அது தெரிந்திருக்கும். அன்றிலிருந்து இரவில் நான் இரண்டு வேலைகள் மட்டும் வைத்துக்கொள்கிறேன்: தரையைக் காலி செய்து கயிறு கட்டுவது, வெட்டிப் போட்டதை லாரியில் ஏற்றி அனுப்புவது. பகலில் பெரிய லாரிக்குக் கட்டுப்பாடு உள்ள சாலையில் உங்கள் வளாகம் இருந்தால், அதற்கும் இரவுதான் வசதி.

கூலி வேண்டாம், மரம் போதும் என்று சொல்பவரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவருடைய கூலி எடையில் இருக்கிறது. உங்கள் மரத்துக்கு எடுக்க வேண்டியது காய்ந்த கொப்பு, ஒன்றோடொன்று உரசும் கிளை, வளாகத்துக்கு வெளியே நீண்டு நுனி கனத்த கிளை. இவற்றை விற்றால் டீச்செலவுக்குக்கூட வராது. விலை போவது அடித்தண்டை ஒட்டிய பருத்த கிளை. அது மரம் நிற்பதற்கே வேண்டியது. இலவசமாக வெட்டிய மரங்களை நான் பார்த்தவரை, நடுமரத்தில் நாலு கட்டை மட்டும் கையை விரித்தது போல நிற்கும். மொட்டை அடிப்பது என்று நாம் சொல்வது அதைத்தான். ஆறு மாதத்தில் அந்தக் கட்டைகளின் விளிம்பிலிருந்து கற்றை கற்றையாகப் போத்து, அதாவது புதுக் கிளைகள், கிளம்பும், மேலாளருக்கும் மகிழ்ச்சியாக இருக்கும். அந்தப் போத்து மரத்தின் உள்ளிருந்து வளர்ந்த கிளை இல்லை, மேல்தோலில் ஒட்டவைத்தது போன்றது. மூன்று நான்கு ஆண்டுகளில் தொடை பருமன் ஆனதும் ஒரு காற்றுக்குக் கழன்று விழும். கூலி கொடுத்தே வெட்டுங்கள். மரத்தின் விலையைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள்.

காலை நேரத்துக்கு வருகிறேன். ஆவணியில் சென்னையில் ஆறு மணியை ஒட்டி விடிகிறது. ஒலி விதியின் இரவுக் கட்டுப்பாடும் ஆறு மணிக்கு முடிகிறது. துணிக்கடை பத்து மணிக்குத் திறக்கும். ஆறிலிருந்து ஒன்பதரை வரை மூன்றரை மணி நேரம் கையில் இருக்கிறது. ஏறுவதற்கு முன் கயிறு, வடம், கப்பி எல்லாம் பார்க்க அரை மணி, கடைசியில் பெருக்கித் தள்ள அரை மணி கழித்தால் உண்மையில் அறுப்பதற்கு இரண்டரை மணி நேரம். காகிதத்தில் இது அழகாக இருக்கும். ஆனால் உங்கள் வளாகத்தில் காலை ஆறு மணி காலியான நேரம் இல்லை என்பதை மறந்துவிடாதீர்கள். உடற்பயிற்சிக் கூடத்துக்கு ஐந்து மணிக்கே ஆள் வந்திருக்கும். டிபன் கடைக்குப் பால் வண்டியும் காய்கறி வண்டியும் வருவது அப்போதுதான். ஆறரைக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வெறும் வயிற்றோடு வரிசை நிற்கும். அதில் பாதிப்பேர் வயதானவர்கள், சர்க்கரை நோயாளிகள், சுற்றி நடக்கச் சொன்னால் தலைசுற்றும். இவர்களையெல்லாம் உங்களிடம் புகார் சொல்லும் கடைக்காரர்களின் பட்டியலில் பார்க்க முடியாது. அதனால் ஒரு வாரம் காவலாளியிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, காலை 5 முதல் 10 வரை அரைமணிக்கு ஒருமுறை ஒவ்வொரு தரைத்துண்டிலும் எத்தனை ஆள், எத்தனை வண்டி என்று கோடு போடச் சொல்லுங்கள். ஒரு செவ்வாய், ஒரு சனி, ஒரு ஞாயிறு கட்டாயம் இருக்கட்டும். அதைப் பார்த்த பிறகு நாள் குறிப்பது பத்து நிமிட வேலை.

அந்த நோட்டு என்ன சொல்லும் என்று இங்கிருந்தே கொஞ்சம் ஊகிக்கலாம். வங்கியின் முன்புறம் ஞாயிறு காலையிலும் இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளிலும் காலியாக இருக்கும். துணிக்கடைக்காரர் ஞாயிறு வேண்டாம் என்றது அவர் வாசலைப் பற்றி. வங்கிப் பக்கம் காலை ஒன்பது வரை நடப்பது அவர் வியாபாரத்தைத் தொடாது. இதைத் தரைப்படத்தோடு காட்டிப் பேசினால் பெரும்பாலும் சம்மதிப்பார். ஏடிஎம்முக்குப் பணம் கொண்டுவரும் வண்டி எத்தனை மணிக்கு வரும் என்று மட்டும் வங்கி மேலாளரிடம் கேட்டுவிடுங்கள். துப்பாக்கிக்காரர் இறங்கும் இடத்தில் நாம் கயிறு கட்டி நிற்பது இருவருக்கும் நல்லதல்ல. ரத்தப் பரிசோதனை நிலையத்தின் முன்னால் உள்ள மரத்துக்குக் காலை ஒத்துவராது. அங்கே கூட்டம் குறையும் பத்தரைக்கு மேல் ஒரு வார நாளில், கை ரம்பத்தால் சிறு கிளைகளை மட்டும் கயிறு கட்டி இறக்கலாம். பெரிய கிளை இருந்தால் அவர்களே விடுமுறை விடும் நாளுக்காகக் காத்திருங்கள். டிபன் கடை வாசலில் உள்ளது எப்போதும் கடைசித் தலைவலி. அவர்களிடம் மதியச் சாப்பாடு முடிந்து மாலைப் பலகாரம் தொடங்கும் முன் இரண்டு மணி நேரம் கேட்டால் கொடுப்பார்கள், ஆனால் அது இடிமழை நேரம். ஆண்டுக்கொருமுறை வெள்ளையடிக்கவோ அடுப்பு மாற்றவோ ஒருநாள் மூடுவார்கள் இல்லையா, அந்த நாளை இப்போதே கேட்டு வாங்குங்கள். தூசியும் மரத்தூளும் சட்னியில் விழுந்தால் உங்கள் பெயர்தான் கெடும்.

எத்தனை நாள் ஆகும் என்ற கணக்கு: மேலே இரண்டு பேர், கீழே நான்கு பேர், ஒரு மேற்பார்வையாளர் கொண்ட ஒரு குழு, காலை இரண்டரை மணி நேரத்தில் ஒரு பெருங்கொன்றையை முடிக்கும், புங்கை, வேம்பு என்றால் இரண்டு. தூங்குமூஞ்சிக்கு மரத்துக்கு இரண்டு காலை வைத்துக்கொள்ளுங்கள். காளான் வந்த பெருங்கொன்றையை விட்டுவிட்டால் மொத்தம் பதின்மூன்று காலைப் பொழுதுகள் வருகின்றன. மழைக்கும், வராத ஆளுக்கும், வராத லாரிக்கும் நான்கு சேர்த்தால் பதினேழு. ஆவணியின் 31 நாட்களில் விநாயகர் சதுர்த்தியை ஒட்டி மூன்று நாள் போனால் போகட்டும். சில குழுக்கள் அமாவாசையன்றும் வேலைக்கு வருவதில்லை. எல்லாம் கழித்தாலும் இடம் இருக்கிறது. இரண்டு குழுவை ஒரே நேரத்தில் இறக்கிச் சீக்கிரம் முடிக்கலாமே என்று தோன்றும். ஒரு ரம்பத்தின் இரைச்சலில் அடுத்த மரத்தில் "விலகு" என்று கத்துவது காதில் விழாது. ஒரு வளாகத்தில் ஒரு குழு போதும். முதல் நாள் பின்புறத்தில், கூட்டமே இல்லாத மூலையில் ஒரு புங்கையில் தொடங்குங்கள். குழு எப்படி வேலை செய்கிறது, எத்தனை மணிக்கு உண்மையில் முடிக்கிறது என்று அங்கே தெரிந்துவிடும்.

தூங்குமூஞ்சிக்கு ஏன் இரண்டு நாள் என்று கடைக்காரர்கள் கேட்பார்கள், இந்தக் கணக்கைச் சொல்லுங்கள். 30 சென்டிமீட்டர் விட்டமும் மூன்று மீட்டர் நீளமும் உள்ள ஒரு கிளைத்துண்டின் கன அளவு ஏறக்குறைய 0.2 கன மீட்டர். பச்சை மரம் கன மீட்டருக்கு 800 முதல் 1,000 கிலோ வரை இருக்கலாம். அந்த ஒரு துண்டே 200 கிலோவுக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதைத் தொப்பென்று போட்டால் தரைக்கல் உடையும், அடியில் போகும் தண்ணீர்க் குழாய் உடையும். மேலே ஒரு கவையில் கப்பி மாட்டி, வடத்தை அடிமரத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி, மெல்ல விட்டு இறக்க வேண்டும். ஒவ்வொரு துண்டுக்கும் பத்து, பதினைந்து நிமிடம். வெட்டுகிற முறையும் நேரம் பிடிக்கும்: முதலில் கிளையின் அடிப்பக்கம் கொஞ்சம், பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து அறுத்துப் பாரத்தைக் கழிப்பது, கடைசியில் கிளை தண்டோடு சேரும் இடத்தில் உப்பலாகத் தெரியும் கழுத்துக்கு வெளியே ஒட்டி ஒரு வெட்டு. கழுத்தையும் சேர்த்து வழித்தால் காயம் மூடாது. கழுத்துக்கு வெளியே துண்டு நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டினால் அந்தத் துண்டு அழுகி, அழுகல் உள்ளே இறங்கும். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் அலெக்ஸ் ஷைகோ 1970களில் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கே பிளந்து பார்த்துக் காட்டியது இதுதான்: மரம் நம் தோலைப் போலக் காயத்தை ஆற்றிக்கொள்வதில்லை, கெட்ட பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு மேலே வளர்கிறது. அதனால் வெட்டிய இடத்தில் தார், பெயிண்ட் பூசுவதும் வேண்டாம். பார்ப்பதற்குச் சிகிச்சை செய்தது போல இருக்கும், பலன் இல்லை.

இதுவரை சொன்னவற்றில் பெரும்பகுதியை உறுதியாகச் சொல்கிறேன். இனிச் சொல்வது என் கணிப்பு. ஒரே ஆண்டில் பச்சைக் கிளையில் கால் பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது உலகெங்கும் சொல்லப்படும் வரம்பு. அது பெரும்பாலும் குளிர்நாட்டு மரங்களைப் பார்த்து எழுந்தது. நம் ஊர்ப் புங்கை பாதி எடுத்தாலும் தாங்கித் துளிர்க்கிறது. பெருங்கொன்றை தாங்குவதில்லை என்பது என் அனுபவம். அதேபோல், கவாத்து செய்தால் புயலில் மரம் விழாது என்று யாராவது எழுதிக் கொடுத்தால் நம்பாதீர்கள். காற்றைப் பிடிக்கும் பரப்பு குறைகிறது, காய்ந்த கிளை தலையில் விழுவது நிற்கிறது, இவை நிச்சயம். வர்தாவில் நான் பார்த்த விழுந்த மரங்களில் பல, கிளை முறியாமல் வேரோடு சாய்ந்தவை. வடிகால் தோண்டும்போது ஒரு பக்க வேர் போனவை, அல்லது அடிவரை சிமென்ட் பூசி மூச்சு முட்டியவை. வேரில் உள்ள குறையைத் தலையில் வெட்டிச் சரிசெய்ய முடியாது. டெல்லி மரங்களைப் பற்றி 2013இல் பசுமைத் தீர்ப்பாயம், அடியைச் சுற்றி ஒரு மீட்டருக்குக் கான்கிரீட் இருக்கக் கூடாது என்று உத்தரவிட்டது. உங்கள் வண்டி நிறுத்தத்திலும் அந்த ஒரு மீட்டரை உடைத்து மண் தெரிய விடுங்கள். அதற்கு எந்தக் கடைக்காரரின் சம்மதமும் வேண்டாம், எந்த மாதத்திலும் செய்யலாம்.

மின்கம்பி பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை நாளில், வழக்கமாகக் காலை 9 முதல் பிற்பகல் 2 வரை, கம்பியை ஒட்டிய கிளையை வெட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். செய்தித்தாளில் அறிவிப்பு வந்துவிட்டால் கம்பி செத்துவிட்டது என்று பொருள் இல்லை. வேலை முன்னதாக முடிந்தால் முன்னதாகவே மின்சாரம் வரும். எங்கோ ஒரு கடையின் ஜெனரேட்டர் இணைப்பு சரியில்லாமல் இருந்தால் அதிலிருந்தும் கம்பிக்கு மின்சாரம் ஏறும். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுத்து, அவர்கள் ஆள் வந்து நிறுத்தி, 'லைன் கிளியர்' சொன்ன பிறகுதான் ஏற வேண்டும். மின்கம்பியோடு சேர்த்து, கிளைகளில் சுற்றிக் கிடக்கும் கேபிள் டிவி, இணையக் கம்பிகளையும் பாருங்கள். அவை யாருடையவை என்று கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆகும். ஒன்று அறுந்தால் வங்கியின் கணினி நிற்கும், அதன் பிறகு அவர்கள் உங்களுக்கு எந்த நாளும் தரமாட்டார்கள். தீபாவளிக்குச் சீரியல் விளக்கு மாட்ட அடித்த ஆணிகளும் மரத்துக்குள் இருக்கும். ரம்பத்தின் சங்கிலி ஆணியில் பட்டால் தெறிக்கும்.

நடைபாதையில் நின்று உங்கள் பக்கம் கிளை நீட்டும் மரம் மாநகராட்சியுடையது. அதைத் தொடாதீர்கள், 1913 எண்ணிலோ மண்டல அலுவலகத்திலோ சொல்லி அவர்களைக் கொண்டு செய்ய வேண்டும். வளாகத்துக்குள் இருப்பதில்கூட, கிளை கழிப்பது வேறு, மரத்தையே அகற்றுவது வேறு. அகற்றுவதாக இருந்தால் மண்டல அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுப் பதிலைக் கோப்பில் வைத்துக்கொள்ளுங்கள். ஆவணியில் வேலை என்றால் ஆனியிலேயே மனு போக வேண்டும். ஒப்பந்தக்காரரிடம் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடும் மூன்றாம் நபர் காப்பீடும் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாதவரை உள்ளே விடாதீர்கள். ஏறுபவரின் இடுப்பில் வெறும் கயிறு இருந்தால் வேலையைத் தொடங்கவிடாதீர்கள். தலைக்கவசமும் உடல்பட்டையும் உங்கள் நிபந்தனையாக இருக்கட்டும்.

கடைக்காரர்களுக்கு மூன்று முறை சொல்ல வேண்டும்: இரண்டு வாரத்துக்கு முன் தரைப்படத்தோடு, மூன்று நாளுக்கு முன் வாட்ஸ்அப் குழுவில், முந்தைய இரவு காவலாளி நேரில். இதில் மூன்றாவதுதான் வேலை செய்யும். எல்லாம் சொல்லியும் ஒருமுறை ஏமாந்தேன். காலை ஐந்தேமுக்காலுக்கு ஏழு பேரோடு போய் இறங்கினால், தூங்குமூஞ்சிக்கு நேர் கீழே சாம்பல் நிற உறை போட்ட கார் ஒன்று நிற்கிறது. உறையின் மேல் இலை படிந்து, நடுவில் குழி விழுந்த இடத்தில் மழைத்தண்ணீர் தேங்கி அதில் கொசுப்புழு நெளிகிறது. ஒரு வாரமாக அசையாத கார். காவலாளிக்கு உரிமையாளர் யார் என்று தெரியவில்லை. கடை கடையாக விசாரித்து எண் கிடைத்தபோது மணி எட்டேகால். அவர் திருப்பதி மலைமேல் வரிசையில் நிற்கிறார், சாவி வீட்டில், வீடு தாம்பரத்தில். ஏழு பேருக்கும் நாள் கூலி கொடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு எந்த வளாகத்திலும் கயிறு காலையில் கட்டுவதில்லை. முந்தைய இரவு கடை மூட மூட, ஒன்பது மணியிலிருந்து பத்துக்குள், காலியாகும் ஒவ்வொரு வண்டி இடத்தையும் அப்போதே கூம்பு வைத்து மறிக்க வேண்டும். மூன்று நாளாக அசையாத வண்டிகளின் பட்டியல் காவலாளியிடம் இருக்க வேண்டும். உங்கள் வளாகத்துக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் உடற்பயிற்சிக் கூடத்து வண்டிகள் நீங்கள் விழிப்பதற்கு முன் வந்து நிற்கும்.

இனி அந்தப் பெருங்கொன்றை. அடித்தண்டிலோ வேர் புறப்படும் இடத்திலோ தட்டு போல, மேலே செம்பழுப்பாகவும் விளிம்பில் வெள்ளையாகவும் கெட்டியான காளான் வந்திருந்தால், பெரும்பாலும் அது கனோடெர்மா என்னும் வேரழுகல் பூஞ்சை. நம் ஊர்ப் பெருங்கொன்றையிலும் மயில்கொன்றையிலும் அடிக்கடி பார்க்கிறேன். காளான் வெளியே தெரிகிறது என்றால் உள்ளே வேர் அழுகத் தொடங்கிப் பல காலம் ஆகியிருக்கலாம். இலை பச்சையாக, பூ நிறையப் பூத்துக்கொண்டே மரம் அடியோடு சாயும். அதற்குப் புயல்கூட வேண்டாம். காளானைக் கிள்ளி எறிவதால் ஒன்றும் ஆகாது, அடையாளத்தைத்தான் இழப்பீர்கள். எவ்வளவு வேர் மிச்சம் இருக்கிறது என்பதை உங்கள் எழுத்தை வைத்துச் சொல்ல எனக்கு வழியில்லை. அடித்தண்டை மரச்சுத்தியால் தட்டிக் கேட்டு, மண்ணை விலக்கி வேரைப் பார்த்து, ஒருவர் நேரில் முடிவு செய்ய வேண்டும். தோட்டக்கலைத் துறையிலோ வேளாண் பல்கலைக்கழகத்திலோ பயின்ற ஒருவரை இந்த வாரமே கூப்பிடுங்கள். அவர் வரும்வரை மரத்தின் உயரம் எவ்வளவோ அவ்வளவு தூரத்துக்கு நான்கு புறமும் கயிறு கட்டுங்கள். வாசல் ஓரம் என்று எழுதியிருக்கிறீர்கள், அப்படியானால் வாடிக்கையாளர்களை அடுத்த வாசல் வழியாக விடுங்கள். துணிக்கடைக்காரர் சண்டைக்கு வருவார், வரட்டும்.

அவர் ஏன் என்று கேட்டால் அந்தக் காளானையே காட்டுங்கள்.